பழைய அவுட்போர்டு மோட்டாரில் பெட்ரோல் கோளாறு: டேங்க் மூடியிலிருந்து ஜெட் வரை முழுமையான வழிகாட்டி

கரையில் ஒரு படகு மோட்டார் மக்கர் செய்தால் போதும், சுற்றி நிற்பவர்களின் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "கார்புரேட்டர் அடைச்சிருக்கு, கழட்டு." அது சரியாக இருக்கும் நாளும் உண்டு. ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடிக் கிடப்பதும், ஓஸ் என்னும் ரப்பர் பெட்ரோல் குழாயின் உள்தோல் உரிந்து வழியை மறிப்பதும், இணைப்பில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து காற்றை உறிஞ்சுவதும் அதே அறிகுறிகளைத்தான் காட்டும். அது தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்தால் நல்ல கேஸ்கட் கிழியும், மெதுவான ஓட்டத்தைச் சீராக்கும் பைலட் திருகின் அளவு கலையும். ஒரு கோளாறோடு வந்த மோட்டார் மூன்று கோளாறோடு திரும்பும்.

எனவே இங்கே சொல்லப்போகும் வரிசையில் கார்புரேட்டரைக் கழற்றுவது கடைசி வேலை. மோட்டார் எப்போது, எந்த வேகத்தில், எப்படி அணைகிறது என்பதைக் கவனித்தாலே கோளாறு எங்கே என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் பைபர் படகுகளின் பின்பலகையில் தொங்கும் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். யமஹா எண்டியூரோ போன்ற, 8 முதல் 40 எச்பி வரையிலான இரண்டு சிலிண்டர் வகை. சுசுகி, டோஹாட்சு, மெர்க்குரி, பழைய ஜான்சன், எவின்ரூட் எல்லாவற்றிலும் பாகங்கள் இருக்கும் இடம் மாறும், வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் படகின் அடித்தளத்தில், பலகைக்குக் கீழே தேங்கி நிற்கும். பீடி, சிகரெட், வெறும் ஒயர் முனை எதுவும் அருகில் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிறு இழுக்கும்போது, பிளக் ஒயரைத் தொங்கவிடாமல் எஞ்சின் உலோகத்தோடு தொடுத்து வையுங்கள். தொங்கவிட்டால் பொறி பெட்ரோலைப் பற்றவைக்கலாம். பொறி போக வழியில்லாமல் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டியும் எரிந்துபோகலாம்.

அடுத்தது தண்ணீர். கரையில் வைத்து "சும்மா ஒரு நொடி" ஓட்டிப் பார்க்கிற பழக்கம் வாட்டர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரைத் தின்றுவிடும். ஒரு பெரிய டிரம்மில் மோட்டாரின் காலை இறக்கி, புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டைத் தகடு மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவைத்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

பெட்ரோல் போகிற பாதை

டேங்க் மூடியில் ஒரு காற்றுத் திருகு. டேங்குக்குள் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் வலை. வெளியே இணைப்பான். பிறகு ஓஸ், நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப். அதற்குள் ஒருவழி வால்வுகள் இரண்டு. எஞ்சின் பக்கம் இன்னொரு இணைப்பான், சிறிய ஃபில்டர், பிறகு பெட்ரோல் பம்ப். இந்த பம்ப்பை ஓட்ட மின்சாரமோ பெல்ட்டோ கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் பின்னால் உள்ள அறையான கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்தமும் வெற்றிடமும் டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வை அசைக்கும். அந்த அசைவே பம்ப். சிறிய மோட்டார்கள் சிலவற்றில் இது கார்புரேட்டரின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கும்.

பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் கிண்ணத்துக்கு. அங்கே மிதவை ஏறினால் ஊசி வால்வு மூடும், இறங்கினால் திறக்கும். கிண்ணத்திலிருந்து இரண்டு வழி, ஒவ்வொன்றிலும் ஜெட் என்னும் நுண்துளைப் பித்தளைத் திருகு: மெதுவான ஓட்டத்துக்குப் பைலட் ஜெட், வேகத்துக்கு மெயின் ஜெட்.

எப்போது அணைகிறது?

முதலில் பொறியா பெட்ரோலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பொறி போனால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்தாற்போல் ஒரே வெட்டாக நிற்கும். பெட்ரோல் போனால் திக்கும், விக்கும், வேகம் குறையும், ஒருமுறை தும்மும், அப்புறம் நிற்கும். சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல இழுப்புக்குப் பிறகும் பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. இரண்டு பிளக்கையும் பாருங்கள். ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

பொறி நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி வேகம். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

மெதுவான ஓட்டத்தில் நிலைக்கமாட்டேன் என்கிறது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் நன்றாக ஓடுகிறது: பைலட் ஜெட் அல்லது அதன் நுண்வழிகள் அடைத்திருக்கின்றன. டேங்கையும் ஓசையும் குறை சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் வேகத்துக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் வந்துகொண்டுதானே இருக்கிறது.

மெதுவான ஓட்டத்தில் அழகாக நிலைக்கிறது, திருகியவுடனே விக்கி அணைகிறது: மெயின் ஜெட்டைச் சந்தேகியுங்கள்.

மெதுவாகவும் ஓடுகிறது, திருகினால் சீறிக்கொண்டும் போகிறது, ஆனால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சோர்ந்துபோகிறது. வேகத்தைக் குறைத்தால் மறுபடி உயிர் வருகிறது. இதுதான் ஆளை ஏமாற்றும் அறிகுறி. 15 எச்பி டூ-ஸ்ட்ரோக் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 100 மில்லிக்கு மேல். கிண்ணத்தில் நிற்பது அதில் ஒரு பகுதிதான். கிண்ணம் நிறைந்திருக்கும் வரை ஓடி, நிரம்பும் வேகம் குடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது மோட்டார் சோர்கிறது. ஜெட்டுகள் நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி. கோளாறு டேங்குக்கும் ஊசி வால்வுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இந்த மோட்டாரின் ஜெட்டை எத்தனை தடவை ஊதினாலும் ஒன்றும் மாறாது.

பல்ப் சோதனை, சோக் சோதனை

கடலில் இருக்கும்போதே செய்யக்கூடியவை இவை. மோட்டார் சோரத் தொடங்கும் அந்த நேரத்தில் ஒருவர் ரப்பர் பல்பை அமுக்கட்டும். அமுக்க அமுக்க மோட்டார் தேறினால், பெட்ரோல் பம்ப் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்கிறது என்று பொருள். பம்ப் டயஃப்ரம் தளர்ந்திருக்கலாம். அல்லது பம்ப்புக்கு முன்னால் காற்று புகுகிறது.

அமுக்கப்போன பல்ப் ஏற்கெனவே சப்பையாக ஒட்டிக் கிடக்கிறதா? அப்படியானால் பம்ப் நன்றாக இழுக்கிறது, பின்னாலிருந்து வரவில்லை. முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் வேலை முடிந்தது. இல்லையென்றால் உறிஞ்சு குழாயின் வலை அடைத்திருக்கிறது, அல்லது ஓஸ் எங்கோ மடிந்தோ நசுங்கியோ கிடக்கிறது.

பல்ப் எத்தனை அமுக்கினாலும் கெட்டிப்படவில்லை என்றால் மூன்று காரணம் சாத்தியம்: டேங்க் பக்கம் காற்று புகுகிறது, பல்புக்குள் இருக்கும் வால்வு பிடிப்பதில்லை, அல்லது ஊசி வால்வு மூடாமல் கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் வெளியே கொட்டுகிறது. மூன்றாவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பல்பை அமுக்கும்போது அதன் அம்புக்குறி வானத்தைப் பார்த்து நிற்கும்படி பிடிக்க வேண்டும். கிடைமட்டமாகப் பிடித்தால் நல்ல பல்ப்கூடச் சில நேரம் வால்வு அமராமல் ஏமாற்றும்.

இனி சோக், அதாவது கார்புரேட்டருக்குள் போகும் காற்றை மறிக்கும் தகடு. மோட்டார் விக்கும்போது சோக்கைப் பாதி இழுங்கள். தேறினால் கலவை லீன்: பெட்ரோல் குறைவு, அல்லது காற்று அதிகம். இன்னும் மோசமாகிப் புகை கக்கினால் கலவை ரிச், பெட்ரோல் அதிகம்: ஊசி வால்வு, மிதவை, அல்லது மாட்டிக்கொண்ட சோக் தகடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோக்கைப் பாதி இழுத்துக் கட்டிவைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தொழில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சோக் பெட்ரோல் குறைவை மறைக்கும், தீர்க்காது. இந்த வகை டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் வீதம் உள்ள பெரிய மோட்டார்களில் ஒன்று மட்டும் அடைத்தாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். அடைத்த சிலிண்டர் மட்டும் ஓசைப்படாமல் வேகும். முழு வேகத்தில் லீனாக ஓடும் மோட்டாரை "கரை வரைக்கும் போயிடலாம்" என்று முறுக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து வாருங்கள்.

டேங்கும் ஓசும்

டேங்கைக் குற்றமற்றது என்று நிரூபிக்க எளிய வழி, வேறொரு மோட்டாரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டேங்கையும் ஓசையும் ஒருநாள் கடன் வாங்கி மாட்டுவது. மோட்டார் சரியாக ஓடினால் கார்புரேட்டரை மறந்துவிடுங்கள். அரை மணி நேர வேலையை இந்தக் கடன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். இணைப்பான் அதே வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடன் கிடைக்காவிட்டால் கண்ணாடி போலத் தெரியும் ஓஸ் துண்டு ஒன்றை, ஒரு சாண் நீளம், பல்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் பின்னால் எங்கோ காற்று புகுகிறது. பெட்ரோல் வெளியே ஒழுகாத இடத்திலும் காற்று உள்ளே புகும்; ஈரம் தெரியவில்லை என்பதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலான நேரம் குற்றவாளி இணைப்பானுக்குள் இருக்கும் ஓ-ரிங். இரண்டாவது, ஓசைக் கட்டுக்கம்பியால் இறுக்கிய இடம். கம்பி ரப்பரை அறுக்கும், துருப்பிடித்துத் தளரும். துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கண்ணாடி ஓசைக் கழற்றிவிடுங்கள். அது வெயிலுக்கும் பெட்ரோலுக்கும் நீண்டநாள் தாங்காது.

ஓஸ் குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தால் வெளித்தோல் நன்றாகவே இருக்கும். உள்தோல் உரிந்து நாக்கு போல் தொங்கினால், மெதுவான ஓட்டத்தில் வழிவிட்டு, வேகத்தில் உறிஞ்சப்பட்டு மூடிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. பழைய ஓஸ் குழாயை நறுக்கி உள்ளே பார்த்தால்தான் தெரியும். பத்து வருட ஓஸ் என்றால் நறுக்கிப் பார்க்காமலே மாற்றுவது மேல்.

தண்ணீரும் எத்தனாலும் பழைய பெட்ரோலும்

கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்து அதைத் திறந்து விடுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்பது தண்ணீர். கலங்கலாகவோ பழுப்புத் துகளாகவோ வந்தால் டேங்கையும் பார்த்தாக வேண்டும். கிண்ணத்தை மட்டும் வடித்தால் நாளைக்கு மறுபடி வரும். பழைய பெட்ரோலுக்கு வார்னிஷ் வாசனை இருக்கும், நல்ல பெட்ரோலின் கூர்மை இருக்காது. அதை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காடு. பழைய அவுட்போர்டு மோட்டார்களின் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட உச்சவரம்பு 10. எத்தனால் பழைய ரப்பரையும் பிசினையும் கரைக்கும். பழைய ஜான்சன், எவின்ரூட் கார்புரேட்டர்களில் மிதவை அரக்குப் பூசிய தக்கையால் ஆனது. அரக்கு கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று லீனாகவும் போகும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கடற்காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் அமரும். உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? அதே அடியில்தான். மோட்டார் முதலில் குடிப்பது அந்த அடுக்கை. அந்த அடுக்கில் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) கலப்பதில்லை என்பதால், மோட்டார் ஆயில் இல்லாமல் ஓடும். அப்படிப் பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கியோ, மேலே புதுசு ஊற்றியோ காப்பாற்ற முடியாது. டேங்கைக் காலி செய்து, கழுவி, உலர்த்தித்தான் ஆக வேண்டும்.

வாங்கிய பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஆயில் கலக்கும் முன், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, கொஞ்ச நேரம் நிற்கவிடுங்கள். கீழ் அடுக்கு 10 மில்லியாகவே இருந்தால் எத்தனால் இல்லை. 30 மில்லி அளவுக்கு உயர்ந்தால் சுமார் 20 விழுக்காடு.

டேங்கில் ஊற்றும்போது வேட்டித் துணியில் வடிகட்டுவது வழக்கம். துணி மணலைப் பிடிக்கும், தண்ணீரை விட்டுவிடும், தன் நூலையும் சேர்த்து அனுப்பும். தண்ணீரைப் பிரிக்கும் புனல் அல்லது படகில் பொருத்தும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றுக்குச் செலவு செய்வது வீண்செலவு அல்ல. ஆயில் அளவு உங்கள் மோட்டாரின் புத்தகத்தில் உள்ளபடிதான். 50-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் வேண்டாம், டிசி-டபிள்யூ3 என்று போட்ட மெரைன் ஆயில் வாங்குங்கள்.

பெட்ரோல் பம்ப்

ஒரு பிளக் மட்டும் நனைந்து வருகிறது என்று சொன்னேனே, அது பெரும்பாலும் இங்கே பிறப்பது. டயஃப்ரம் கிழிந்தால், கிராங்க் கேஸின் அழுத்தம் பம்ப்புக்கு வரும் பல்ஸ் துளை வழியாகப் பெட்ரோல் நேராகக் கிராங்க் கேஸுக்குள் போகும். பம்ப் எந்தச் சிலிண்டரோடு இணைந்திருக்கிறதோ அந்தச் சிலிண்டர் மட்டும் மூழ்கும், புகை அதிகமாகும். கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி இதைச் சரிசெய்யவே முடியாது.

பம்ப் மூடியின் திருகுகளை எடுக்கும் முன் அடுக்கு வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை, சுருக்கம், விறைப்பு பாருங்கள். சின்ன வால்வு நாக்குகள் தட்டையாக அமர்கின்றனவா என்றும் பாருங்கள். விறைத்த டயஃப்ரம் கிழியாமலேயே வேலை செய்யாது. இதன் கிட் விலை குறைவு. பிரித்துவிட்டால் புதுசு போட்டே மூடுங்கள்.

இனி கார்புரேட்டர்

இதுவரை எல்லாம் சரி என்றால், அல்லது அறிகுறி நேராக ஜெட்டைக் காட்டினால், இப்போது கழற்றலாம். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் சின்ன ஊசி மணலில் கிடைக்காது. லிங்க், சோக் கம்பி, ஓஸ் ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் படம். ஓசை இழுக்காமல் சற்று முறுக்கித் தளர்த்தி எடுங்கள். காய்ந்த ரப்பரை இழுத்தால் முனை உடைந்து கார்புரேட்டரோடு வரும்.

முதல் வேலை பைலட் திருகு. அதை வெளியே எடுக்கும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். அமர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் கூர்முனையில் வளையம் விழுந்து, பிறகு எந்த அளவுக்கும் கட்டுப்படாது.

கிண்ணத்தின் திருகுகளை எடுத்து உள்ளே பாருங்கள். வெள்ளைப் பொடி உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரித்த அடையாளம். பச்சை நிறம் பித்தளை ஜெட்டில் பிடித்தது. பழுப்புப் பிசின் காய்ந்த பெட்ரோலும் ஆயிலும். வெள்ளைப் பொடி கிண்ணத்தோடு நின்றிருந்தால் கழுவிவிடலாம். உடலின் உள்வழிகளைக் குழிகுழியாக அரித்திருந்தால் வேறு கார்புரேட்டர் தேடுவதே மிச்சம்.

மிதவையின் அச்சு ஊசியை உருவி மிதவையை எடுங்கள். ஊசி வால்வின் கூம்பில் நகத்தால் தடவினால் படி ஒன்று தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சளசளப்பு கேட்கக் கூடாது.

ஜெட்டுகளைக் கழற்றச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். சின்னது போட்டால் பித்தளைக் காடி சிதைந்து, ஜெட் அங்கேயே குடியிருந்துவிடும். ரப்பர், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்க வேண்டும், அது ரப்பரை ஊதவைத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது எதிர்த் துளையில் முகத்துக்கே வரும்.

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஜெட்டின் மேல் பொறித்த எண் அதன் துளையின் அளவைக் குறிப்பது. ஸ்டீல் கம்பி ஒரு சுரண்டல் சுரண்டினாலே அந்த எண்ணுக்குப் பொருள் போய்விடும். நம் கையில் அதைவிட நல்ல கருவி இருக்கிறது: தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடிக்கும் நைலான் இழை. துளைக்குத் தகுந்த தடிமனில் ஒரு துண்டை எடுத்துச் சாய்வாக வெட்டி உள்ளே விட்டு எடுங்கள். பிசின் இறுகியிருந்தால் ஜெட்டைக் கிளீனரில் இரவு முழுக்க ஊறப்போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாக, ஓரம் கூராகத் தெரிய வேண்டும். அரைவட்டமாகத் தெரிந்தால் பிசின் இன்னும் இருக்கிறது.

பலர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து மூடிவிடுகிறார்கள். பைலட் வழி ஜெட்டோடு முடிவதில்லை. ஆக்சிலேட்டர் தகடு மூடி நிற்கும் இடத்தின் ஓரமாக, கார்புரேட்டரின் தொண்டைச் சுவரில், ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பைலட் திருகு இருந்த துளையில் கிளீனரைத் தெளித்தால் அந்தத் துளைகள் எல்லாவற்றிலும் அது பீய்ச்ச வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றாலும் மோட்டார் மெதுவான ஓட்டத்தில் நிலைக்காது, அல்லது மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் அந்த இடைப்பட்ட இடத்தில் விக்கும். எல்லாத் துளையிலும் ஒரே சீராக வரும் வரை விடக் கூடாது. கடைசியில் காற்றடித்து உலர்த்துங்கள். ஊசி வால்வும் மிதவையும் கழன்றிருக்கும்போது மட்டும் காற்று.

மாட்டும்போது கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவை கிண்ண விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். பல மாடல்களுக்கு இது பொருந்தும். உங்கள் மாடலின் புத்தகத்தில் மில்லிமீட்டர் கணக்கு இருந்தால் அதுவே சட்டம். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறும்படி மிதவை அமைந்தால் பெட்ரோல் வழியும், இறங்கும்படி அமைந்தால் வேகத்தில் பஞ்சம். கேஸ்கட்டுகளைப் புதுசாகப் போடுங்கள். சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம்: பெட்ரோலில் ஊறி இழைஇழையாகப் பிரிந்து, நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த ஜெட்டையே தேடிப்போய் அடைக்கும். எஞ்சினோடு சேரும் முகம் வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் கண்ணாடிமேல் மெல்லிய எமரித் தாளை விரித்து வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். இரண்டு நட்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போவதால்தான் அந்த முகம் வளைகிறது.

பைலட் திருகை வைப்பது

எழுதிவைத்த சுற்றுக் கணக்கில் தொடங்குங்கள். கணக்கு இல்லையென்றால் அமர்ந்த நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம். மோட்டாரைச் சூடாக்கி, முடிந்தால் படகைக் கட்டிவைத்துத் தண்ணீரில், முன் கியரில், மெதுவான ஓட்டத்தில் இதைச் செய்வதே சரியான முறை. டிரம்மில் கியர் இல்லாமல் சரியாக ஓடியது கடலில் கியர் போட்டதும் அணைவது, அந்தச் சுமையில் வைத்துத் திருகாததால்தான்.

கால் சுற்று மாற்றி, மோட்டார் பதில் சொல்லும் வரை பொறுத்து, அடுத்த கால் சுற்று. ஒரு பக்கம் போனால் வேகம் குறைந்து கார்புரேட்டர் வாயில் தும்மும், அது லீன். மறுபக்கம் போனால் குழறிக்கொண்டு புகை விடும், அது ரிச். நடுவில் சீராக ஓடும் இடத்தைப் பிடித்து, அதிலிருந்து ரிச் பக்கம் ஒரு நூல் தள்ளி நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திருகினால் ரிச் என்பது மாடலுக்கு மாடல் மாறும்: திருகு ஆக்சிலேட்டர் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச்; காற்று நுழையும் வாய்ப்பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் லீன். ஒரே வேகத்தில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். தயங்கித் தும்மினால் இன்னும் கொஞ்சம் ரிச் வேண்டும்.

நிற்கும்போது ஒழுகினால்

காலையில் வந்து பார்த்தால் எஞ்சின் மூடிக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கிறது. ஊசி வால்வில் தூசி இருக்கலாம், தேய்ந்திருக்கலாம். ஆனால் கன்னத்தில் அறைந்தது போன்ற வெயிலில் டேங்க் மூடியை இறுக மூடிவைத்திருந்தாலும் இதுதான் நடக்கும்: உள்ளே ஆவி அழுத்தம் ஏறி, பெட்ரோலை ஓஸ் வழியாகத் தள்ளி, நல்ல ஊசி வால்வையும் திறந்துவிடும். டேங்கை எஞ்சினைவிட உயரமான இடத்தில் வைத்தாலும் அப்படித்தான். படகை விட்டு இறங்கும்போது எஞ்சின் பக்கத்து இணைப்பானைக் கழற்றிவிடுவது ஒரு நொடி வேலை.

மண்ணெண்ணெய் மோட்டார்கள்

மண்ணெண்ணெய்க்கென்றே வந்த மாடல்கள் குறைந்த கம்ப்ரஷனும் அதற்கேற்ற ஜெட்டும் கொண்டவை. பெட்ரோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் விடுகிறார்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும் குளிர்ந்த மோட்டார் எத்தனை இழுத்தாலும் பிடிக்காது, பிளக் நனைந்துபோகும். அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பிரிக்கும் முன் கிண்ணத்தை வடித்து, பெட்ரோல் நிரப்பிப் பாருங்கள்.

பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றுவது வேறு விஷயம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் குறைவு. அதிகக் கம்ப்ரஷனில் அது தானாக வெடித்துப் பிஸ்டன் தலையை அரிக்கும். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. அந்த விலையில் அது முன்போல மலிவான வழியாகவும் இருக்கவில்லை.

கார்புரேட்டர் நிரபராதி என்றால்

எல்லாம் செய்தும் மெதுவான ஓட்டம் நிலைக்கவில்லையா? கார்புரேட்டர் அடி கேஸ்கட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். வேகம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் பனி போல் திரும்பி வெளியே வந்தால் கலவையைத் திரும்ப விடாமல் தடுக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்தோ தூக்கியோ நிற்கிறது. அது கார்புரேட்டருக்குப் பின்னால் இருக்கும் பாகம். கிராங்க் சீல் தேய்ந்தாலும் லீன் அறிகுறிதான். இவற்றுக்குப் போகும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பெட்ரோல் பாதையில் இனி தேட வேண்டியது எதுவும் இல்லை.

மோட்டாரை ஓய்வில் போடும்போது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் படகுகள் மணலில் ஏறி நிற்கும். கிண்ணத்தில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, ஆயிலும் பிசினும் மட்டும் அடியில் தங்கும். மேலே சொன்ன அடைப்புகளில் பெரும்பாலானவை ஓட்டத்தில் வருவதில்லை, இந்த ஓய்வில்தான் வருகின்றன. ஓசைக் கழற்றிவிட்டு அணையும் வரை ஓட்டுவது பலரின் வழக்கம். அது கிண்ணத்தை முழுதாகக் காலி செய்யாது, கடைசி நொடிகளில் மோட்டார் லீனாகவும் ஓடும். வடிகால் திருகைத் திறந்து விடுவதே என் தேர்வு. ஒவ்வொரு கிண்ணமாகத் திறந்து, வந்ததைக் குவளையில் பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, திருகின் வாஷரோடு திரும்ப மூடுங்கள். டேங்கைக் காலி செய்து நிழலில் வையுங்கள். பிளக் துளைகளில் கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டு, பிளக் ஒயர்களை உலோகத்தோடு தொடுத்த நிலையில் கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்துவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.